உவமைக்குள் அடைபட்ட உயிர்கள்

கவிதை பேசக் கூடிய அவையில் காட்டு விலங்குகளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இத்தகைய அவைகளில் ஒரு மாலைப் பொழுதில் படிக்கப்பெறும் கவிதைகளை உன்னிப்பாகக் கேட்போர்க்கு ஒன்று புலப்படும். கட்சி மாறுபவன் பச்சோந்தியாகிறான். வட்டிக்குக் கொடுப்பவன் நரியாகிறான். உடல் மெலிந்தவன் தேவாங்காகிறான். விட்டுக்கொடுக்காதவனின் கைப்பிடி உடும்புப் பிடியாகிறது. விலங்குகள் இல்லாமல் தமிழ்க் கவிஞர் எவரையும் ஏசுவதில்லை என்றே சொல்லிவிடலாம். இவற்றுள் எத்தனை விலங்கினை அந்தக் கவிஞர் கண்ணால் கண்டிருக்கிறார் என்று எவரேனும் எழுந்து வினவினால் மேடையில் சற்று நேரம் அமைதி நிலவும். இந்தப் பேச்சு அந்த அமைதியைப் பற்றியது.

கோவில்பதாகையும் அதனைச் சூழ்ந்த ஆவடிப் பகுதியும் உழைப்போர் வாழும் ஊர்கள். ஆவடி என்றதும் 1955-ஆம் ஆண்டின் காங்கிரசு மாநாடும், 1961-இல் நிறுவப்பெற்ற கனரக ஊர்தித் தொழிற்சாலையும் நினைவுக்கு வருகின்றனவே அன்றி, எந்த விலங்கும் வருவதில்லை. மின்தொடர் வண்டியின் நேரத்துக்கும் தொழிற்சாலையின் முறைவேலைக்கும் கட்டுப்பட்ட குடும்பம், பிள்ளைகளின் கோடை விடுமுறையில் எப்படியோ நாலு நாள் ஒதுக்கி முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ புறப்படுகிறது. அங்கே வனத்துறை வண்டியில் இடம்பிடித்து, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டுப் பாதையில் சுற்றி வருகிறது. ஊர் திரும்பியதும் அண்டை வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "புலி பார்த்தீர்களா?" என்பதே. "இல்லை" என்ற விடை வந்துவிட்டால் செலவு முழுதும் வீண் என்று கணக்கு முடிக்கப்படுகிறது. வழியில் மரவுச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மலையணிலும், வண்டிச் சத்தத்துக்குப் புதருக்குள் ஒதுங்கிய கீரியும் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை.

பெரிய விலங்கைக் கண்டால்தான் காடு கண்டதாகும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்கக் காடுகளில் 'பெரிய ஐந்து' என்று ஒரு பட்டியல் உண்டு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவை அவ்வைந்து. இன்று சுற்றுலா விளம்பரங்களில் காணப்படும் இப்பட்டியலை வகுத்தவர்கள் விலங்குகளை விரும்பியவர்கள் அல்லர். நடந்து சென்று சுடுவதற்கு எவை மிகக் கடினமானவை, எவை மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு அது. துப்பாக்கி போய்ப் புகைப்படக் கருவி வந்த பின்னும் பட்டியல் மட்டும் மாறவில்லை.

அதற்கு மறுமொழியாகப் பின்னாளில் இயற்கை ஆர்வலர்கள் 'சிறிய ஐந்து' என்று ஒன்றை வகுத்தனர். பெரிய ஐந்தின் பெயர்களைத் தம் ஆங்கிலப் பெயரில் சுமந்துகொண்டிருக்கும் சிற்றுயிர்களைத் தேடிப்பிடித்தார்கள். யானை மூஞ்சூறு, சிறுத்தை ஆமை, காண்டாமிருக வண்டு, எருமை நெசவாளி என்னும் பறவை, எறும்புச் சிங்கம் என்பன அவை. ஒரு சொல்விளையாட்டு, அவ்வளவே. ஆயினும் அந்த விளையாட்டு பயணிகளை வண்டியிலிருந்து இறக்கித் தரையைப் பார்க்க வைத்தது. சொல்லுக்கு உள்ள ஆற்றலைப் பற்றிக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுள் கடைசியாகச் சொன்ன எறும்புச் சிங்கத்தைத் தேடி எவரும் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டாம். மழை படாத திண்ணையோரத்து மணலிலும் கோயில் மதிலின் நிழலிலும் புனல் வடிவில் சிறு குழி பறித்து, அதன் அடியில் புதைந்து கிடந்து, சறுக்கி விழும் எறும்பின்மேல் மணலை வாரியிறைத்து, அரிவாள் போன்ற தாடைகளால் கவ்வி இழுக்கும் அந்தப் பூச்சியைத் தமிழ்ப் பிள்ளைகள் நன்கறிவர். ஆங்கிலேயர் சிங்கம் என்றதைத் தமிழர் 'குழியானை' என்றனர். எள்ளளவு உயிருக்கு யானைப் பெயர் வைத்த குறும்பு யாருடையது என்று தெரியவில்லை. அவர் நல்ல கவிஞராக இருந்திருக்க வேண்டும். இதே குழியானைதான் வளர்ந்து, தும்பியை ஒத்த மெல்லிய சிறகுகளோடு மாலையில் விளக்கொளிக்கு வருகிறது.

குழியானைக்கு வாய்த்த பேறு தேவாங்குக்கு வாய்க்கவில்லை. 'தேவாங்கு மாதிரி' என்பது தமிழகத்தில் ஒரு வசவு. விழித்த கண்ணும் ஒட்டிய உடலுமாக ஒருவனைச் சுட்டுவதற்கு அச்சொல் பயன்படுகிறது. திரைப்படங்களும் அதனை வளர்த்திருக்கின்றன. அந்த வசவின் உரிமையாளரைக் காண விரும்புவோர், திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் உள்ள அய்யலூர், கடவூர்ப் பகுதிக்குச் செல்ல வேண்டும். நாற்புறமும் குன்றுகள் சூழ, நடுவே கிண்ணம் போல் அமைந்த நிலம் கடவூர். மழை குறைந்த முட்காடு. சுற்றுலாத் துறையின் வண்ணப்படங்களில் இடம்பெறும் பசுமை அங்கே கிடையாது. அந்தக் காய்ந்த காட்டில்தான் தேவாங்கு பெருகி வாழ்கிறது. கரூர், திண்டுக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்த 11,806 எக்டேர் காட்டைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த சரணாலயம் இந்தியாவில் இதுவே முதலாவது.

தேவாங்கு குரங்கினத்தின் மிகப் பழைய உறவினருள் ஒன்று. ஏறத்தாழ ஒரு சாண் நீளம், கால் கிலோ அளவு எடை, வால் இல்லை. பகலெல்லாம் முட்புதரின் உள்ளே பந்து போல் சுருண்டு உறங்கும். இருட்டிய பின்னர் எழுந்து, கிளையைப் பற்றிய கையை விடுமுன் அடுத்த கையை ஊன்றி, இலை அசையாமல் நகரும். வண்டோ எறும்போ எட்டும் தொலைவில் வந்துவிட்டால் அந்த மெத்தனம் மறைந்து, கை சட்டெனப் பாயும். வயல்வெளிப் பூச்சிகளைத் தின்பதால் உழவர்க்கு அது கூலி வாங்காத காவலாள். குட்டியை முதலில் வயிற்றோடு அணைத்துச் சுமக்கும் தாய், சில வாரங்கள் சென்றபின் இரவில் அதனை ஒரு கிளையில் இருத்திவிட்டு இரைதேடப் போய், விடியுமுன் திரும்பி வந்து அழைத்துக்கொள்ளும். இரவு முறை வேலைக்குச் செல்லும் தாய்மார் ஆவடியில் பலர் உண்டு. அவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாக இராது.

இந்த உயிரைக் கர்நாடகத்தார் 'காடுபாப்பா' என்கின்றனர். காட்டுக் குழந்தை என்பது பொருள். இலங்கையில் சிங்கள மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. தேவாங்குக்குத் தன் குட்டி மாணிக்கம் என்பது அதன் கருத்து. தமிழில் காக்கைக்குக் கொடுத்த இடத்தை அவர்கள் தேவாங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கும் அது அழகில்லாதது என்ற எண்ணம் பழமொழியின் அடியில் ஒளிந்துதான் இருக்கிறது. எனினும் தாய்மையைச் சொல்ல அதனை அழைத்தார்கள் என்பது நோக்கத்தக்கது. தமிழகத்திலோ அதன் பெயர் வசவாகவே நின்றுவிட்டது. வசவாக நின்ற பெயர் வெறும் பெயரோடு நிற்பதில்லை. தேவாங்கைக் கண்டால் கேடு என்று அடித்தவர்களும், அதன் உறுப்புகளில் மருந்தும் மாந்திரீகமும் உண்டென்று நம்பிப் பிடித்தவர்களும், குடுகுடுப்பையோடு அதனைக் கயிற்றில் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுவந்தவர்களும் அந்தப் பெயரின் வழியேதான் அதனை அறிந்திருந்தனர். உயிர்வேலியை வெட்டிக் கம்பிவேலி போடும்போது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் அதன் பாதை அறுந்து, தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்து, வண்டிகளில் அடிபட்டு மடிகிறது. வேலியை வெட்டியவர் தேவாங்கின் மேல் பகை கொண்டவர் அல்லர். அங்கே அது இருக்கிறது என்பதே அவர் எண்ணத்தில் இல்லை.

அதனைக் காணச் செல்வோர்க்குப் புலி தேடும் பயணத்தின் பழக்கங்கள் எவையும் உதவா. வண்டி உதவாது; நடக்க வேண்டும். காலை உதவாது, இரவு வேண்டும். வனத்துறையின் இசைவும், புதர்களை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையும் வேண்டும். டார்ச்சு விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். வெள்ளை ஒளி அந்தப் பெரிய கண்களைத் துன்புறுத்தும். மின்னல் விளக்கோடு படமெடுப்பது அறவே கூடாது. இவ்வளவும் செய்து, முள் குத்திய காலோடு நெடுநேரம் நின்றால், வேலமரத்தின் இருட்டில் இரண்டு தணல்துளிகள் தெரியும். தலையைத் திருப்பினால் அவை அணையும். மீண்டும் நோக்கினால் எரியும். புலியைப் பார்ப்பவன் புலியைத்தான் பார்க்கிறான். தேவாங்கைத் தேடுபவன், தானும் பார்க்கப்படுவதை உணர்கிறான். அந்தக் கண்களின் எதிரே நின்று வந்தவர், பின்னர் எவரையும் அந்தப் பெயரால் ஏசுவது அரிது.

நரியின் வழக்கு இன்னும் சிக்கலானது. ஒரே சமூகம் 'நரித்தனம்' என்று அதனை இகழ்ந்துவிட்டு, நல்லது நடந்தால் 'நரி முகத்தில் விழித்தாயா?' என்று கேட்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் பொங்கலையொட்டி வங்காநரி பிடித்து, வாயைக் கட்டி, ஊர்நடுவே ஓடவிட்டு, அதன் முகத்தில் விழிக்கும் வழக்கம் இருந்து வந்தது. வனத்துறை அதனைத் தடைசெய்து தண்டமும் விதித்து வருகிறது. நற்பேறு தருவது என்று நம்பும் முகத்துக்கு அவர்கள் செய்த சிறப்பு அது! நரிக்கொம்பு என்று ஒன்றைத் தாயத்தில் அடைத்து விற்பதும் உண்டு. நரிக்குக் கொம்பே கிடையாது. இல்லாத கொம்புக்காக இருக்கும் நரி கொல்லப்படுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழகத்தில் நரியினம் ஒன்றன்று, இரண்டு. நாயின் தோற்றத்தை ஒத்து, கூட்டாக ஊளையிடும் பெரிய இனம் ஒன்று. கருமையான வால்நுனியோடு, திறந்த வெளியில் வளை தோண்டி வாழும் சிறிய இனம் மற்றொன்று. நரி, குள்ளநரி என்னும் பெயர்கள் இவற்றுக்கிடையே ஊருக்கு ஊர் மாறி மயங்கிக் கிடக்கின்றன. கவிதையிலோ இரண்டும் ஒன்றாகி, திராட்சைக்குத் தாவும் ஈசாப்பு நரியாக முடிந்துவிடுகின்றன. இத்தனைக்கும் பெரிய இனத்தைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னை மாநகரின் உள்ளேயே, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காட்டில், மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், வெளிமானோடும் புள்ளிமானோடும் நரியும் வாழ்கிறது. ஆவடியிலிருந்து புறப்பட்டால் காலைச் சிற்றுண்டிக்குள் போய்ச் சேரலாம். பறக்கும் வானூர்தியின் இரைச்சலுக்குக் கீழே அது வாழப் பழகியதை எண்ணினால், தந்திரம் என்ற சொல்லை விட உழைப்பு என்ற சொல்லே அதற்குப் பொருந்தும் எனத் தோன்றும்.

பெருவிலங்கின் ஆரவாரத்துக்கு அஞ்சாமல் சிற்றுயிரை எழுத்தில் நிறுத்திய தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். தந்தை 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் தமிழுக்காக வாதாடிப் பேசிய இடத்திலேயே உயிர் துறந்தார். மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த கிருஷ்ணன், 1950 முதல் இறுதி வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதிவந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். யானைகளைப் பற்றி அவர் அளவுக்கு நுணுகி எழுதியோர் சிலரே. ஆயினும் அந்தப் பத்தியில் யானைக்கு இருந்த மதிப்பு காக்கைக்கும் அணிலுக்கும் கீரிக்கும் இருந்தது. மயிலாப்பூர் வீட்டு முற்றத்தில் கண்டதையும் முதுமலையில் கண்டதையும் ஒரே கவனத்தோடு எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே கட்டிய பளுவான புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவரிடம் கவிஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் வரும் விலங்கைப் படித்தால், அந்த விலங்கைக் களத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்னும் பிடிவாதம் அவருக்கு இருந்தது. உரையாசிரியர் சொன்னதோடு அவர் நிறைவடையவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வெளிவரச் செய்தார். இலக்கிய வட்டங்களின் நூலகங்களில் புதுக்கவிதைத் தொகுப்புகளுக்கு நடுவே அந்நூலும் இருப்பது நல்லது.

சங்கப் புலவர்களைப் பற்றிப் பேசும்போது நீர்நாயை விட்டுவிட இயலாது. வாளைமீனைத் தின்னும் நீர்நாய் மருதப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அப்புலவர்கள் அதனைப் பார்த்தவர்கள். இன்றைய மாணவர்க்கு அது அடிக்குறிப்பு. காவிரியின் கரையில், ஒகேனக்கல் சார்ந்த மலைக்காட்டு ஓட்டத்தில், நீர்நாய்கள் குடும்பமாக இன்றும் மீன்பிடிக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022-இல் அமைந்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தின் உயிர்களுள் அதுவும் ஒன்று. பரிசல் சவாரிக்கும் மீன் வறுவலுக்கும் அங்கே போகிறவர்கள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் பாறைமேல் பேசாமல் அமர்ந்திருந்தால் மருதத்தின் ஒரு வரியை உரையின்றியே அறியலாம். வருடை என்று இலக்கியம் கூறும் வரையாடு ஒரு வகையில் கொடுத்துவைத்தது, மாநில விலங்காகிவிட்டது. 1975-இல் ஈ.ஆர்.சி. டேவிதார் அதற்குக் கணக்கெடுத்ததை நினைவில் கொண்டு அக்டோபர் 7-ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொள்ளப்படுகிறது. 2024-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

காண முடியாத விலங்கும் உண்டு. அழுங்கு என்னும் எறும்புதின்னி அத்தகையது. உடலெங்கும் செதில், பல் இல்லை, நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் வழித்துத் தின்னும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. அதுவும் தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு உலா வரும். இலங்கைத் தமிழில் பிடிவாதக்காரரின் நிலையை 'அழுங்குப் பிடி' என்பர். அவ்வுயிர் சுருண்டு இறுகுவது பிடிவாதத்தால் அன்று, அச்சத்தால். சிறுத்தையின் பல்லுக்குத் தப்பவைக்கும் அந்தச் சுருளே மனிதனுக்கு வசதியாகிப் போனது; உருண்டையை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். செதிலுக்காக உலகிலேயே மிகுதியாகக் கடத்தப்படும் காட்டுப் பாலூட்டிகளுள் அதுவும் ஒன்றானது. அதன் பன்னாட்டு வாணிகத்தை முற்றாகத் தடுக்க உலக நாடுகள் 2016-இல் உடன்பட்டன. அழுங்கைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் பறித்த கறையான் புற்றையும், புதிதாய்த் தள்ளிய மண்ணையும், வாலின் இழுவைத் தடத்தையும் கண்டு திரும்புவார். அதுவும் கண்டதே ஆகும். தலைவியைக் காணாமல் திரும்பும் தலைவனை எத்தனையோ பாடல்களில் ஏற்றுக்கொண்ட தமிழ் வாசகர்க்கு இது விளங்காத நிலையன்று.

ஒரு தடையும் எழுப்பப்படலாம். அறியப்படாதவரை பிழைத்திருக்கும் உயிரை ஊரறியச் செய்தால், நாளை கூட்டம் திரண்டு அதற்கும் தொல்லையாகாதா? இந்த அச்சம் நியாயமானது. கடவூர்ப் புதர்களின் முன்னே பேருந்து பேருந்தாக வந்து இறங்கி விளக்கடித்தால், தேவாங்குக்கு வசவே மேலாகிவிடும். ஆகையால் இப்பயணம் நாலு பேருக்குமேல் சேராத பயணமாக, கண்ட புதரை அடையாளம் சொல்லாத பயணமாக, கையில் எடுக்காமலும் உணவு காட்டாமலும் திரும்பும் பயணமாக அமைய வேண்டும். இருப்பினும் அறியாமை காப்பாற்றும் என்பதை ஏற்பதற்கில்லை. உயிர்வேலிகள் வெட்டுண்டது அறியாமையால்தான்.

விடுமுறைக்கும் பணத்துக்கும் வழியில்லாதவர் என்ன செய்வது? கோவில்பதாகையிலிருந்து வெகுதொலைவில் இல்லாத திருவொற்றியூரில், ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசம் சாத்தப்பெற்றிருந்து, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீங்கிக் காட்சி தருகிறார். அப்போது புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்தப்படுகிறது. அந்த மூன்று நாளும் கூட்டம் நெரியும். புனுகின் மணத்தை உணர்ந்து கண்மூடுவோருள் அதனைத் தரும் புனுகுப் பூனையின் உருவத்தை அறிந்தோர் எத்தனை பேர்? அதற்கு நெருங்கிய உறவான மரநாய், சென்னைப் புறநகர்களின் பனைமரங்களிலும் பழைய வீட்டுப் பரண்களிலும் குடியிருக்கிறது. கள்ளுப்பானையில் வாய் வைப்பது அதன் பழைய வழக்கம். பனை குறைந்த இடங்களில் பப்பாளியையும் வாழையையும் உண்டு வாழ்கிறது. நள்ளிரவில் கூரைமேல் யாரோ நடக்கும் ஓசையைப் பேய் என்று சொல்லிப் பிள்ளைகளை உறங்கவைத்த வீடுகள் இப்பகுதியில் பல. அடுத்தமுறை அவ்வோசை கேட்கும்போது, பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சிவப்புத்தாள் கட்டிய விளக்கோடு மாடிப்படி ஏறினால், ஓட்டின் முகட்டில் நீண்ட வாலும் கருத்த முகமுமாக அது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கும்.